தசரா வீதிக்கு 50 மி.மீ. லென்ஸ் சரிப்படுமா?

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் பக்தர்கள் வேஷம் கட்டிக் காணிக்கை வாங்குவார்கள். அந்தச் சமயத்தில் காளி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பாள். பக்கத்தில் கரடி வேஷக்காரர் காணிக்கைச் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பார். இதை எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் கேனான் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம். 2015-இல் வந்தது, 160 கிராம்தான், கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். ஆனால் இந்த வேலைக்கு அதன் பெருமையே வினை.

அப்பெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, 1.8-இல் திறந்தால் பின்னணி கரைந்துவிடும். பாய்லரும் பன் பாட்டிலும் போனபின் மிஞ்சுவது வெறும் வேஷம். அதை ஸ்டூடியோவிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஏபிஎஸ்-சி கேமராவில் (முழு ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உள்ளது) ஒன்றரை மீட்டர் தூரத்தில் கூர்மை நிற்கும் ஆழமும் 6 செ.மீ. தான். தொங்கும் நாக்கில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கும். பகலில் 5.6, 8 என்று மூடியே எடுங்கள்.

அடுத்தது இடம். கிரீடத்தோடு இரண்டு மீட்டர் உயரமுள்ள காளியை ஏபிஎஸ்-சி-யில் செங்குத்தாக அடக்க நாலரை மீட்டர் பின்வாங்க வேண்டும். சந்துக்குள் அது நடக்காது, நடுவே ஒரு பைக் நுழைந்துவிடும். இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8-க்கு இரண்டு மீட்டர் சொச்சம் போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள். முழு ஃப்ரேம் கேமரா வைத்திருப்பவர்கள் 50-இலேயே சமாளிக்கலாம்.

கறுப்பு மை பூசிய கன்னத்தில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். நெற்றிக் குங்குமத்தின் விளிம்பில் வையுங்கள். கறுப்பைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள். ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) சிவப்பைத் தனியே பாருங்கள். சிவப்புப் பட்டுப்பாவாடைதான் முதலில் விவரம் இழந்து வெடிக்கும். கடை எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள்.

பத்தாம் நாள் இரவு மகிஷாசுர சம்ஹாரம் கடற்கரையில் நடக்கும். 50 மி.மீ. லென்ஸின் மவுண்டில் (கேமராவோடு பொருந்தும் இடம்) ரப்பர் வளையம் கிடையாது, மணலும் உப்புக்காற்றும் உள்ளே போகும். அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும். கூட்டத்தில் அது இடிபட்டால் மோட்டாருக்குக் கேடு. இஎஸ்-68 ஹூட் வெளி உடம்பில் மாட்டுவதால் இடியை அது வாங்கிக்கொள்ளும், தனியாகத்தான் வாங்க வேண்டும்.

வாசல் கோலத்து அரிசிமாவைத் தூக்கிப்போகும் எறும்பையும் எடுக்க நினைத்தால் இந்த லென்ஸ் மட்டும் போதாது. மிகக் கிட்டத்தில், அதாவது 35 செ.மீ.யில், ஏபிஎஸ்-சி ஃப்ரேமில் அடங்கும் அகலம் பத்தரை செ.மீ.; எறும்பு புள்ளியாகிவிடும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 12 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் (வெற்றுக் குழல்) போட்டால் அந்த அகலம் 5 செ.மீ. வரை குறையும். மின்தொடர்பு உள்ள ட்யூபாக வாங்குங்கள். இல்லாததை மாட்டினால் அப்பெர்ச்சரும் நகராது, ஃபோகஸ் வளையமும் வேலை செய்யாது.