கோல்ட் ரீஃப் சிட்டி: இடி இறங்குமுன் எதில் ஏறுவது

அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஜோஹானஸ்பர்க்கில் காலை வெயிலை நம்பலாம், பிற்பகல் வானத்தை நம்ப முடியாது. இரண்டு மூன்று மணிக்கு மேகம் கறுத்துக்கொண்டு வரும். மின்னல் கண்ணில் பட்டால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். கோல்ட் ரீஃப் சிட்டி கேளிக்கைப் பூங்காவின் வாயில் காலை 9.30க்குத் திறந்து மாலை 5க்கு மூடுகிறது என்றாலும், இந்தக் கோடை மாதங்களில் உங்கள் கையில் இருப்பது ஏழரை மணி நேரம் அல்ல, நாலரைதான். "பாதி ரைடுகூட ஏறவில்லை, காசு தண்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கார் நிறுத்துமிடத்துக்கு நடப்பவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போடாமல் வந்தவர்கள்.

இடம் தெரியாதவர்களுக்கு: நகரின் தெற்கே, எம்1 நெடுஞ்சாலையை ஒட்டிய ஆர்மண்ட் பகுதி. க்ரௌன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14ஆம் எண் குழி இருந்த நிலம். சுரங்கம் 1971இல் மூடப்பட்டது, பூங்கா 1987இல் வந்தது. நகரின் தென்மேற்கே உள்ள லெனேசியாவிலிருந்து என்12 நெடுஞ்சாலையைப் பிடித்தால் காலை நெரிசலையும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்3இல் 570 கிலோமீட்டர் ஓட்டிய அன்றே பூங்காவுக்குள் நுழைய நினைக்காதீர்கள். வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் அந்த நாலரை மணி நேரமும் வழியிலேயே கரைந்துவிடும். முதல் நாள் இரவே வந்து தங்குங்கள்.

உள்ளே போனதும் முதலில் டவர் ஆஃப் டெரர். இது பெரும்பாலோர் செய்வதற்கு நேர்மாறு. வாயிலுக்கு அருகில் எது தெரிகிறதோ அதில் ஏறுவதுதான் கூட்டத்தின் வழக்கம். ஒரு ரைடு எத்தனை பேரை விழுங்குகிறது என்பதை வைத்துத்தான் வரிசையை எடைபோட வேண்டும், வரிசையின் நீளத்தை வைத்து அல்ல. டவரில் ஓடுவது ஒற்றைப் பெட்டி. அது மேலே ஏறி, விளிம்பில் நின்று, விழுந்து, திரும்பி வந்து, ஆட்கள் இறங்கிய பிறகுதான் அடுத்த கூட்டம் ஏறும். கணக்கு எளிது: இரண்டு புறப்பாடுகளுக்கு இடையே எத்தனை நிமிடம் என்று கைப்பேசியில் பாருங்கள், ஒரு தடவையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள், உங்களுக்கு முன்னால் நிற்பவர்களை அதால் வகுங்கள். எட்டுப் பேர் ஏறி மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடினால், அறுபத்து நான்கு பேருக்குப் பின்னால் நிற்கிறவர் இருபத்து நாலு நிமிடம் காத்திருப்பார். இருபது பேர் ஏறும் வண்டியில் அதே வரிசை பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும்.

2001இல் திறந்த இந்த டவர், சுரங்கக் குழியின் மேலே நிற்கும் இரும்புக் கோபுரத்தின் சாயலில் கட்டப்பட்டது. பெட்டி செங்குத்தாக விழுந்து தரைக்குக் கீழே குழிக்குள் போகும். அடியில் தடம் வளையும் இடத்தில் 6.3 ஜி விசை, அதாவது புவியீர்ப்பைப் போல 6.3 மடங்கு, என்று சொல்லப்படுகிறது. 60 கிலோ உடம்பு அந்த நொடியில் 378 கிலோவாகக் கனக்கும். தலையை இருக்கையின் பின்பக்கம் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். கீழே எட்டிப் பார்க்கக் குனிந்திருந்தால் கழுத்து இரண்டு நாள் வலிக்கும். கழுத்து, முதுகு, இதயம், கர்ப்பம் என்று எதில் சிக்கல் இருந்தாலும் இதை விட்டுவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. சாப்பிட்ட பிறகு ஏறக்கூடாத ரைடு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். காலையிலேயே முடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது கோல்டன் லூப். இதன் தடம் வட்டமாகச் சுற்றி வருவதில்லை. வண்டி முன்னே பாய்ந்து, வளையத்தைச் சுற்றி, மறுமுனையில் செங்குத்தாக ஏறி, வேகம் தீர்ந்ததும் பின்புறமாகவே அதே வளையத்தைச் சுற்றித் திரும்பும். ஒரே தடத்தில் போக்கும் வரத்தும் என்பதால் இரண்டாவது வண்டி விட வழியே இல்லை. கூட்டம் எவ்வளவு வந்தாலும் வேகம் கூடாது. ஆகவே இதையும் பதினோரு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஜெர்மனிக்காரர் அன்டன் ஷ்வார்ட்ஸ்கோப்ஃப் வடிவமைத்த வகை. 1977 முதல் 1988 வரை அமெரிக்காவின் கேரோவிண்ட்ஸ் பூங்காவில் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்தது. பழசு என்று ஒதுக்காதீர்கள். பின்புறமாக வளையத்தில் போகும்போது வயிறு கலங்கும் அந்த உணர்வு புது ரைடு எதிலும் கிடைக்காது.

அனகோண்டாவை மூன்றாவதாக வைக்கலாம். 1999இல் வந்த இது ஸ்விட்சர்லாந்தின் ஜியோவனோலா நிறுவனம் செய்தது. இருக்கைகள் தடத்துக்குக் கீழே தொங்கும், கால்கள் காற்றில் ஆடும். இங்கே வரிசை நீளமாகத் தெரிந்தாலும் டவரைவிட வேகமாக நகரும். முன்வரிசை கிடைக்கும் என்றால் இரண்டு வண்டி விட்டுக்கொடுத்தாவது காத்திருங்கள். தொங்கு ரைடுகளில் முன்வரிசைக்காரருக்கு மட்டும்தான் தடமும் தரையும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிவது எதிர் இருக்கையின் முதுகு.

உடைகள் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தோள்மேல் இறங்கும் கம்பி மார்போடு அழுந்தும்போது தாலிக்கொடியோ கனத்த சங்கிலியோ அதன் அடியில் மாட்டிக்கொண்டால் கழுத்தெலும்பில் தழும்பு விழும், கொக்கி வளைந்து சங்கிலி அறுந்தும் போகும். கழற்ற மனம் வராதவர்கள் ரவிக்கைக்குள் நேராகத் தொங்கவிட்டு, மேலே இறுக்கமான பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளலாம். துப்பட்டா வேண்டவே வேண்டாம். வார் இல்லாத செருப்பு அனகோண்டாவில் பறந்துவிடும். மூக்குக்கண்ணாடிக்குப் பின்கட்டு நாடா வாங்கி வையுங்கள்.

நீர் ரைடுகளுக்குப் பருவத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள். கோடையில் பன்னிரண்டு மணிக்கு நனைந்தால் ஒரு மணிக்குள் காய்ந்துவிடும், மழைக்கு முன் வேலையும் முடியும். ஜூன், ஜூலையில் காலை நான்கைந்து டிகிரிதான் இருக்கும், ஈரத் துணியோடு அடுத்த வரிசையில் நிற்பது தண்டனை. குளிர்காலத்தில் ஏறியே தீருவேன் என்பவர்கள் ஒரு மணி வெயிலில் ஏறிவிட்டு மாற்றுத் துணி போட்டுக்கொள்ளட்டும். அந்த மாதங்களில் மழை கிடையாது என்பதால், அவசரம் இல்லாமல் ரைடு ஏற அதுவே நல்ல பருவம். ஆகஸ்டில் மட்டும் காற்று கிளம்பினால் பழைய சுரங்க மண்மேடுகளின் மஞ்சள் தூசி கண்ணில் விழும். எந்தப் பருவமானாலும் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பன்காரர்களுக்குப் படியேறினால் மூச்சு வாங்கும், மேகம் இருந்தாலும் தோல் கருகும்.

சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கு வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பதினொன்றரைக்கே முடித்துவிடுங்கள், அல்லது இரண்டுக்குத் தள்ளுங்கள். புரட்டாசி விரதக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: செப்டம்பர் இறுதியில் பள்ளி விடுமுறையும் 24ஆம் தேதி பொது விடுமுறையான பாரம்பரிய தினமும் விரத மாதத்திலேயே வரும். சிப்ஸ் சைவம்தானே என்று வாங்குமுன், கோழியும் மீனும் பொரித்த எண்ணெயா என்று கேளுங்கள். பெரும்பாலான துரித உணவுக் கடைகளில் ஒரே சட்டிதான். காரில் புளிச்சோறு வைத்துவிட்டு வருவது பழைய வழி, இன்றும் சரியான வழி. முத்திரை குத்திக்கொண்டு வெளியே போய் மீண்டும் வர முடியுமா என்பதை மட்டும் வாயிலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுரங்கச் சுற்றுலாவை எங்கே செருகுவது என்பதில்தான் நாளின் சூட்சுமம் இருக்கிறது. நுழைந்ததும் முதல் வேலையாக அதற்கு நேரம் பதிந்துவிட்டு, அதன் பிறகு டவருக்கு ஓடுங்கள். கோடையென்றால் இரண்டு மணிக்கு மேற்பட்ட சுற்றாகக் கேளுங்கள், கடைசிச் சுற்று எப்போது என்றும் விசாரியுங்கள். தலைக்கவசம் மாட்டி, கூண்டு லிஃப்டில் சுமார் 75 மீட்டர் கீழே இறங்கினால் மேலே மழை பெய்வதே தெரியாது. இடி தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் சாப்பாட்டுக் கடைகளின் கூரைக்கடியில் நெருக்கியடித்து நிற்கும்போது நீங்கள் பாறைச் சந்தில் நடந்துகொண்டிருப்பீர்கள். அடைத்த இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. ரைடுகளைவிட இந்தச் சுற்றுலாதான் இந்தப் பூங்காவின் உண்மையான சரக்கு. ரோலர் கோஸ்டர் உலகம் முழுக்க இருக்கிறது, தங்கச் சுரங்கத்துக்குள் இறக்கிக் காட்டும் பூங்கா எத்தனை?

பக்கத்திலேயே இருக்கும், நிறவெறி ஆட்சியின் வரலாற்றைச் சொல்லும் அபார்ட்ஹெய்ட் அருங்காட்சியகத்தை அதே நாளில் சேர்க்காதீர்கள். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும், மனமும் வேறு மாதிரி இருக்க வேண்டும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் வீட்டுக் கதவில் செருப்பில்லாமல் உயரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரிய ரைடு ஒவ்வொன்றின் வாசலிலும் அளவுக்கோல் நிற்கும். ஒரு விரற்கடை குறைந்தாலும் விடமாட்டார்கள். நாற்பது நிமிடம் நின்ற பிறகு அழுகையோடு திரும்புவதைவிட முதலில் கோலிடம் போவது மேல்.

பள்ளிக் காலத்தில் புதனிலிருந்து வெள்ளி வரை போவது உத்தமம். பள்ளி நடக்கும் வாரங்களில் திங்களும் செவ்வாயும் பூட்டியிருக்கும், முதல் நாள் இரவே வலைத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பராமரிப்புக்காக எந்த ரைடு நிற்கிறது என்பதையும் சீட்டு வாங்குமுன் கேளுங்கள். டவர், அனகோண்டா இரண்டுமே அன்று ஓடாவிட்டால் வேறொரு நாள் வருவதே லாபம். வார நாட்களில் பள்ளிப் பேருந்துகள் வந்திருந்தால் கலங்க வேண்டாம். பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுசேர்க்க வேண்டும், மதியத்துக்குப் பிறகு அந்தக் கூட்டம் கலைந்துவிடும்.

புயல் அடித்து ஓய்ந்த பிறகும் உடனே கிளம்பிவிடாதீர்கள். அதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆளில்லாத வண்டியை ஒன்றிரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரைடைத் திறப்பார்கள். அனகோண்டாவின் காலி இருக்கைகள் தண்ணீரைச் சிதறிக்கொண்டு தலைக்கு மேலே போவதைப் பார்த்தால், அடுத்த நிமிடம் அதன் வாசலில் நில்லுங்கள். காலையில் கிடைக்காத முன்வரிசை அப்போது கிடைக்கும்.