டென்ட்டா, கிளாம்பிங்கா? நாயோடு மலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் அலசல்

கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை, நீலகிரிப் பக்கம் நாயையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தங்க நினைத்தால் வழி இரண்டு. அனுமதி வாங்கிய தனியார் தோட்டத்தில் சொந்த டென்ட் அடிப்பது ஒன்று. கட்டிலும் குளியலறையும் உள்ள கிளாம்பிங் இன்னொன்று. அதில் மேடைமேல் நிற்கும் கான்வாஸ் கூடாரம், கவிழ்த்த கிண்ணம்போல் உருண்ட டோம், மரக்குடில் என்று வகைகள் உண்டு. நாய் இல்லாத பயணம் என்றால் என் ஓட்டு டென்ட்டுக்கு. நாய் வருகிறதென்றால் சுவரும் கதவும் உள்ள கிளாம்பிங்தான். இரவில் நாய் எங்கே படுக்கும் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. டென்ட் மலிவு, கிளாம்பிங்கில் வாடகையோடு நாய்க்கென்று தனிக் கட்டணமும் சேரும். வேறு சில விஷயங்கள் இரண்டுக்கும் பொது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். முதுமலை, ஆனைமலை புலிகள் காப்பகங்களுக்குள் நாயைக் கொண்டுபோகக் கூடாது. நாயிடமிருந்து டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் செந்நாய்க் கூட்டத்துக்குத் தொற்றினால் கூட்டமே அழியக்கூடும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. வண்டி ஏறுவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பாதி வாந்தி குறையும்.

இனி இரவு. தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய மலைப்பகுதிகளில் சிறுத்தை நடமாட்டம் புதிதல்ல. சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. மகாராஷ்டிராவில் அகோலே வட்டாரத்தில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை தின்ற இரையின் எடையில் 39 விழுக்காடு நாயாகவே இருந்தது. அது கரும்புக்காடு சூழ்ந்த விவசாயப் பகுதி. நம் மலையில் கணக்கு மாறலாம், குணம் மாறாது. நாயை வெளியில் கட்டிப்போட்டுவிட்டு மனிதர்கள் உள்ளே தூங்குவதைப் போல ஆபத்தான ஏற்பாடு வேறில்லை. கட்டிய நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

சரி, டென்ட்டுக்குள்ளேயே படுக்க வைத்தால்? துணிச்சுவர் வாசனையையும் சத்தத்தையும் மறைக்காது. வெளியே காட்டுப்பன்றி நடந்தாலே நாய் எழுந்துவிடும், குரைக்கும், வாசலை நோக்கிப் போகும். அங்கேதான் ஜிப் காலைவாரும். பெரும்பாலான டென்ட்டில் இரண்டு ஜிப் இழுவையும் தரை மட்டத்தில் வந்து சேரும். விரற்கடை இடைவெளி கிடைத்தால் போதும், லாப்ரடார் மூக்கை நுழைத்துத் தலையால் ஒரே தள்ளு, வாசல் திறந்துவிடும். இரண்டு இழுவையையும் மேலே கொண்டுபோய், ஒரு சின்ன கேரபைனரால் (திறந்து மூடும் கொக்கி வளையம்) சேர்த்துப் பூட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் கொசுவலை ஜன்னலைக் கிழித்துக்கொண்டு பாய்கிற நாய்க்கு இதுவும் போதாது. யானை நடமாடும் இடமென்றால் பேச்சே வேண்டாம்: 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். நாய் குரைத்து யானையைச் சீண்டுவதும், யானை துரத்தியதும் நாய் எஜமானரிடமே ஓடி வருவதும் காட்டோரத்தில் இருப்பவர்கள் அறிந்ததுதான்.

அதற்காக, கிளாம்பிங் என்ற பெயரைப் பார்த்ததும் பணம் கட்டிவிடக் கூடாது. மேடைமேல் நிற்கும் கான்வாஸ் கூடாரமும் துணிதான்; கட்டில் போட்ட டென்ட், அவ்வளவே. “பெட் ஃப்ரெண்ட்லி” என்று போட்டிருக்கும் இடங்களிலும் சிலவற்றில் நாய்க்குக் கிடைப்பது சமையலறைக்குப் பின்னால் ஒரு கம்பிக்கூண்டு. ஆகவே போனில் முதல் கேள்வி, “ராத்திரி நாய் எங்களோட ரூமுக்குள்ள படுக்கலாமா?” என்பதாக இருக்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம். அடுத்து, சுவர் மரமா, செங்கல்லா, துணியா என்று கேளுங்கள். கழிவறை அறையோடு சேர்ந்ததா என்பதையும் விட்டுவிடாதீர்கள். வெளியே நடக்க வேண்டுமென்றால் நள்ளிரவில் நாயும் கூடவே வரும். அங்கே வளர்ப்பு நாய்கள் உண்டா, அவற்றுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். கதவின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் நல்ல இடத்துக்காரர்கள் தயங்க மாட்டார்கள்.

போய் இறங்கியதும் நாயை வண்டியிலேயே ஒருவரோடு வைத்துவிட்டு மற்றவர் அறையைச் சுற்றி வரட்டும். மர மேடைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நாய்க்கு அதற்குள் நுழையப் பிடிக்கும், பாம்புக்கும் அது குளிர்ச்சியான இடம். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவில் உங்கள் கை முஷ்டி நுழைந்தால் குட்டி நாயின் தலையும் நுழையும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் வயசான நாய்க்குப் பின்னங்கால் விலகும், ஒரு ஜமுக்காளம் விரியுங்கள்.

டோம் பற்றி ஓர் எச்சரிக்கை. முன்பக்கம் கண்ணாடிபோல் இருப்பதால் வெயில் ஏறியதும் உள்ளே வெக்கை கூடிவிடும். “ஒரு மணி நேரம்தானே” என்று நாயை உள்ளே பூட்டிவிட்டு அருவிக்குப் போகாதீர்கள். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்கள் இதில் சீக்கிரம் மயங்கும். நான் சொல்வது வெயில் நாளுக்கு. மழைக்கால டோம் எனக்குப் பழக்கமில்லை.

டென்ட் சரிவரும் இடங்களும் உண்டு. காட்டு விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, வேலிபோட்ட தோட்டம், உரிமையாளர் வீடு கூப்பிடு தூரத்தில், மாதம் டிசம்பர் அல்லது ஜனவரி என்றால் தாராளமாக அடிக்கலாம். இரண்டு பேரும் ஒரு லாப்ரடாரும் படுக்க நான்கு பேர் டென்ட் வேண்டும். மூன்று பேர் டென்ட்டில் நாய் ஈரச் சுவரோடு ஒட்டிப் படுத்து நடுநிசியில் நனைந்த முதுகோடு எழுந்து உதறும். நகத்தை இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டி அரத்தால் தேய்த்துவிடுங்கள். புதிதாக வெட்டிய நகத்தின் முனைதான் நைலான் தரையைக் கிழிக்கிறது. தரையில் முதலில் ஃபோம் பாய், அதன்மேல் பழைய ஜமுக்காளம். பகலில் கட்டுவதற்கு டென்ட் முளையையோ கம்பியையோ நம்பாதீர்கள், அணிலைப் பார்த்து ஒரு தாவு தாவினால் டென்ட்டே சாயும். மரத்தில் மூன்று மீட்டர் கயிறு, கழுத்துப்பட்டையில் அல்ல, மார்பைச் சுற்றும் ஹார்னஸில். நாய்ச்சோறு வண்டிக்குள் மூடிய டப்பாவில்.

குளிரை லேசாக எடுக்காதீர்கள். கொடைக்கானல், ஊட்டி டிசம்பர் இரவுகள் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு ரோமம் மெலிசு, உடம்பில் கொழுப்பும் கிடையாது. சுருண்டு படுத்து மூக்கை வாலுக்குள் புதைத்து நடுங்கினால் மேலே போர்த்துவதைவிட அடியில் இன்னொரு பாய் போடுவது அதிகம் உதவும். சூட்டைத் தரைதான் உறிஞ்சுகிறது.

உண்ணியும் அட்டையும் டென்ட், கிளாம்பிங் பார்ப்பதில்லை. உண்ணி மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, நாயின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் வாங்கிக் கொடுங்கள். ஃப்ளூராலனர் வகை ஏறக்குறைய 12 வாரம் தாங்கும், அஃபாக்ஸோலனர் ஒரு மாதம். தினமும் மாலையில் விரலிடுக்கு, காது மடிப்பு, அக்குள், வாலடி நான்கையும் தடவிப் பாருங்கள். உளுந்து அளவில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் ட்வீசரைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம். ஓடையில் தண்ணீர் குடித்த நாய்க்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் கசிந்து அடிக்கடி தும்மினால், உள்ளே அட்டை இருக்கக்கூடும். நீங்களாகக் குச்சி விட்டுக் குடையாமல் மருத்துவரிடம் போங்கள்.

வீடு திரும்பியபின் மூன்று வாரம் ஈறைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஈறு வெளுத்து, காய்ச்சலோடு சோறு இறங்காமல் படுத்தால், “மலைக்குப் போய் வந்தோம், உண்ணி கடித்திருக்கலாம்” என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா கிருமிகளுக்கு அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்ப்பார்.