பீக்கோ பாதையா, களனி கங்கையா?

குழுவைப் பாதுகாப்பாக வழிநடத்தப் பழக விரும்பும் இலங்கை மலையகப் பிள்ளைகளுக்கு இரண்டு களங்கள் பக்கத்திலேயே உண்டு. தேயிலைத் தோட்டங்களூடே 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபயணப் பாதையில் பிழையைத் திருத்த நேரம் கிடைக்கும். மூடுபனி இறங்கினால் நிற்கலாம், ஆட்களை எண்ணலாம், வந்த வழியே திரும்பலாம்.

கித்துல்கலையில் வேகநீர்ப் படகோட்டம் நடக்கும் களனி கங்கை அந்த அவகாசம் தராது. படகு கவிழ்ந்த பிறகு விளக்க முடியாது. எல்லாம் கரையிலேயே நடக்கவேண்டும்: உயிர்காப்பு அங்கியை இறுக்கிப் பார்ப்பது, கயிறு வீசிப் பழகுவது, விழுந்தால் மல்லாந்து கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதப்பது. வேகமான நீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால் ஆறு ஆளை அமுக்கிவிடும்.

சரி, எது முதலில்? நடைதான். ஆட்களைக் கவனிக்கப் பழகிய பிறகு ஆற்றுக்குப் போங்கள், அதுவும் அனுபவமுள்ள வழிகாட்டியின் படகில்.