மதுரையில் வீட்டை ஏஜென்சியிடம் விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் கவனத்துக்கு: உங்கள் வீடு ஒத்திக்குப் போயிருக்கலாம்

மதுரையில் ஃப்ளாட் வாங்கி, "மெயின்டனன்ஸ் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் இதை முழுதாகப் படியுங்கள். ஒத்தி என்றால் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாச வாடகை இல்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வாடகை தவறாமல் வருவதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எனக்கும் ஒரு வருடத்துக்கு மேல் தவறாமல்தான் வந்தது.

எனக்குச் சொந்த ஊர் மேலூர், வேலை ஓசூரில். ஒத்தக்கடை பக்கம் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் ஒன்றை லோன் போட்டு வாங்கினேன். 2004-இல் ஹைகோர்ட் கிளை வந்ததிலிருந்தே அந்தப் பக்கம் வாடகைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. வக்கீல்கள், கோர்ட் ஊழியர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் பெயின்ட், பிளம்பர், சாவி என்று ஓசூரிலிருந்து யார் அலைவது? இந்த இடத்தில்தான் ஏஜென்சிக்காரர் உள்ளே வருகிறார். மாட்டுத்தாவணி பக்கம் ஏசி போட்ட ஆபீஸ், வாசலில் பெரிய போர்டு. நத்தம் ரோட்டுப் பாலம், கலைஞர் நூலகம், தோப்பூர் எய்ம்ஸ் என்று வரிசையாகச் சொல்லி, மதுரையில் இனி வாடகை ஏறிக்கொண்டேதான் போகும் என்றார். மாதம் 13,000 ரூபாய், வீடு காலியாக இருந்தாலும் ஐந்தாம் தேதி அக்கவுன்ட்டில் விழுந்துவிடும், கமிஷன் கிடையாது என்றார். பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டோம்.

அந்த அக்ரிமென்ட்டில் 1-வது நபர் நான், 2-வது நபர் ஏஜென்சி. அதில் ஒரு வரி இருந்தது. "நம்மில் 2-வது நபர் தனது பொறுப்பில் தகுந்த நபர்களைக் குடியமர்த்திக்கொள்ள 1-வது நபர் சம்மதிக்கிறார்." ஆள் பிடித்து வைப்பதற்காக எழுதியது போலத்தான் இருக்கும். அவர்களுடைய மொத்தப் பிழைப்பும் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஒரு மாதம் வாடகை வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். நேரில் போனால் ஆபீஸில் பூட்டு, போர்டையும் காணோம். சரி, குடியிருப்பவர்களையாவது கேட்போம் என்று வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். நான்தான் வீட்டுக்காரன் என்றதும் அந்தத் தங்கச்சி முகம் மாறிவிட்டது. "அண்ணே, நாங்க வாடகைக்கு இல்லண்ணே. ஆறு லட்சம் ஒத்திக்கு வந்திருக்கோம்" என்றார்.

பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் காட்டினார். நூறு ரூபாய் முத்திரைத்தாள். வீட்டு முகவரி என்னுடையது. "உரிமையாளரின் அதிகாரம் பெற்ற முகவர்" என்ற இடத்தில் ஏஜென்சிக்காரரின் கையெழுத்து, பக்கத்தில் அவர்களுடைய ரப்பர் ஸ்டாம்ப். மூன்று வருடக் கெடு. நான் யாருக்கும் எந்த அதிகாரமும் எழுதிக் கொடுத்ததில்லை. அவருடைய கணவர் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ வியாபாரம் செய்கிறார். நகையை விற்றும் சீட்டுப் பணத்தை எடுத்தும் சேர்த்த ஆறு லட்சம் அது. மாச வாடகை இல்லாமல் மூன்று வருடம் இருந்தால் பிள்ளைகள் படிப்புக்குக் கொஞ்சம் மிஞ்சும் என்று வந்தவர்கள்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு மாதம் 13,000 தருவதற்கு அந்த ஆறு லட்சமே மூன்றே முக்கால் வருடத்துக்குப் போதும். நான் வாங்கிய வாடகை முழுக்க அந்தக் குடும்பத்தின் பணம். மிச்சத்தை வேறு எதிலோ போடுகிறார்கள். ஒருவருக்குக் கெடு முடிந்தால் அடுத்த வீட்டு ஒத்திப் பணத்தை எடுத்துத் திருப்புகிறார்கள். புது வீடுகள் வந்துகொண்டே இருக்கும்வரை யாருக்கும் சந்தேகம் வராது. வீட்டுக்காரருக்கு வாடகை வருகிறது, ஒத்திக்காரர் நிம்மதியாக இருக்கிறார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அவர்கள் கமிஷன் வேண்டாம் என்றதற்குக் காரணமும் இதுதான். எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே இன்னும் சில வீடுகளில் இதே கதை.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-இல் கொண்டுவந்து 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒவ்வொரு வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரரோடு தனியாக ஒரு துணை ஒப்பந்தம் போடாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. எங்கள் அக்ரிமென்ட்டை அவர்கள் பதிவு செய்யவே இல்லை. ஆன்லைனில் போட்டுவிட்டோம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்களே தவிர, பதிவு எண்ணைக் கண்ணில் காட்டவில்லை.

ஒத்தி விஷயம் இதைவிட முக்கியம். மதுரைப் பக்கம் ஒத்தி என்பது சர்வ சாதாரணம், நூறு ரூபாய்த் தாளில் எழுதிக் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடியேறிவிடுகிறோம். ஆனால் வீட்டை அனுபவத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்குவது சட்டத்தின் கணக்கில் அடமானம். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 59-வது பிரிவுப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகைக்கு இப்படி அடமானம் வைத்தால் அது பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும், சொத்துக்காரர் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும். அப்படிப் பதிவு செய்தால் வில்லங்கத்தில், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலில், ஏறிவிடும். ஏஜென்ட் கையெழுத்துப் போட்ட தாளை வைத்து வீட்டின் மேல் உரிமை கேட்பது மிகவும் கஷ்டம்.

அதனால் ஒத்திக்கு வீடு தேடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். யார் பெயரில் வீடு இருக்கிறது, எந்த பேங்கில் கடன் இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அந்தப் பெயர்க்காரரை நேரில் பார்த்துப் பேசாமல், அவருடைய பேங்க் அக்கவுன்ட்டுக்கு அல்லாமல், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் "ஓனர் ஃபாரின்ல இருக்கார்" என்று சொன்னால் வீடியோ காலிலாவது பேசிவிடுங்கள்.

வீட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் போய் நில்லுங்கள். குடியிருப்பவரிடம் நேராகக் கேளுங்கள்: வாடகையா, ஒத்தியா, எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன பேப்பர் வைத்திருக்கிறீர்கள்? ஏஜென்சி உங்களை அவர்களிடம் பேசவிடாமல் தடுத்தால் அன்றைக்கே உஷாராகிவிடுங்கள். வாடகை குடியிருப்பவரின் அக்கவுன்ட்டிலிருந்தே உங்களுக்கு வரட்டும், ஏஜென்சி தன் கமிஷனைத் தனியாக வாங்கிக்கொள்ளட்டும்.

அந்தக் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லும்படி பலர் எனக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஆறு லட்சத்தையும் பறிகொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்க அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? அந்தக் குடும்பமும் நானும் சேர்ந்தே போலீஸில் புகார் கொடுத்தோம். பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில், அதாவது பழைய 420-இல், வழக்கு பதிவாகியிருக்கிறது. இப்போது எங்கள் இருவருக்கும் நேரடியாக ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுப் பதிவும் செய்துவிட்டோம். வழக்கு முடியும்வரை மாதம் 8,000 தருவதாகப் பேச்சு. இஎம்ஐ-க்கு மிச்சத்தை நான் கையிலிருந்து போடுகிறேன்.

ஒத்தக்கடை, ஊத்தங்குடி, ஐயர் பங்களா பக்கம் இப்படி ஏஜென்சியிடம் வீட்டை விட்டவர்கள், ஒத்திக்கு வந்தவர்கள் யாராக இருந்தாலும், உங்கள் அக்ரிமென்ட், பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒன்றாகப் போய்ப் புகார் கொடுங்கள். தனியாகப் போன சிலரிடம் இது வீட்டுக்காரர், வாடகைக்காரர் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றுதான் சொன்னார்களாம். இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும்தான் எங்கள் புகாரை எடுத்துக்கொண்டார்கள்.