பழைய நிலவரைபடமும் புதுச்சேரி அச்சகமும்

மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி மலைகளைக் காட்டும் பழைய நிலவரைபடம் ஒன்றை, அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனம் கட்டணமின்றி வழங்கும் தொகுப்பிலிருந்து இறக்கி, புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய ஓர் அச்சகத்தில் பெரிய தாளில் அச்சிடக் கொடுத்தேன். 1:62,500 அளவுத்திட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் 625 மீட்டரைக் குறிக்க வேண்டும். ஆனால் கடைக்காரர் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கிவிட்டார்; வரைபடத்தின் அடியில் அச்சாகியுள்ள தூர அளவுக் கோட்டைச் சென்டிமீட்டர் அடிக்கோலால் அளந்தபோதுதான் பிழை தெரிந்தது. கூடுதல் பணம் கேட்காமல் மறுநாளே முழு அளவில் அச்சிட்டுத் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் அச்சு அருமை. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் செங்குத்துச் சரிவுகளில் நெருங்கி நிற்க, அவற்றின் அடியில் நீலநிற ஆற்றை ஒட்டியே குறுக்குக் கீற்றுகளிட்ட கருப்பு ரயில் பாதை வளைந்து செல்வது தெளிவாகத் தெரிகிறது. 1883இல் அந்த மலைப்பகுதியின் போக்கஹான்டஸ் வயல் நிலக்கரியை ஏற்றிச் செல்லத் தொடங்கிய நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேக்கு, அத்தகைய பள்ளத்தாக்குகளே எளிய வழி. (நெய்வேலிச் சமவெளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இத்தனை கோடுகள் திகைப்பாகத்தான் இருக்கும்.) பழுப்பு மட்டும் சற்றுச் சிவந்துவிட்டது. அந்த அச்சகத்தில் கொடுப்பவர்கள் அளவை மாற்றக் கூடாதென எழுதியே கொடுங்கள்.