மேசன், வயரிங் ஆள் பிடிக்க எந்த வழி? கொழும்பு நிலவரம்

கொழும்பில் சின்னச் சின்னக் கட்டட வேலைகளை எடுத்துச் செய்கிறவர்களுக்கு இப்போது பெரிய தலையிடி, வேலை தெரிந்த ஆள் கிடைக்காததுதான். 2022 நெருக்கடியில் சைட்டுகள் நின்றுபோக, நல்ல மேசன்மாரும் வெல்டிங் ஆட்களும் கட்டார், துபாய் என்று கிளம்பிவிட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் எல்லாத் தொழில்களிலுமாக 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். பழைய நம்பர்கள் போனில் இருக்கின்றன, எடுத்தால் ஆள் ஊரில் இல்லை.

புது ஆள் பிடிக்க என் முதல் தெரிவு, தெரிந்தவர் சொல்லி வருகிறவர்தான். ஆனால் சொல்கிறவர் யார் என்று பார்க்க வேண்டும். வெள்ளவத்தையில் பக்கத்து ஃபிளாட் அக்கா, "நல்ல பாஸ், நேரத்துக்கு வருவார், மரியாதையான ஆள்" என்றால் (பாஸ் என்பது இங்கே கைத்தொழில் தெரிந்த வேலையாள்), அந்த ஆளின் குணம் தெரியும். சுவர் நேராக வருமா என்பது தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர், அந்த ஆளுக்குப் பின்னால் வந்து வேலை செய்தவர். மேசனைப் பற்றி டைல்ஸ் பதிக்கிறவரிடம் விசாரியுங்கள். மூலைமட்டம் பிசகிய பாத்ரூமில் ஒரு முனையில் முழு டைலும் மறுமுனையில் சரிந்துகொண்டே போகும் வெட்டுத் துண்டுமாக வந்து நிற்கும். அதைச் சமாளிக்கப் பாடுபட்டவர் அந்த மேசனின் பெயரை இலேசில் மறக்கமாட்டார். பூச்சு வேலையைப் பற்றியா? பெயின்டரிடம் கேளுங்கள். எத்தனை தரம் புட்டி இழுத்தார் என்பதிலேயே விஷயம் வந்துவிடும்.

இந்த வழியில் ஒரு சிக்கலும் உண்டு. ஒருவர் தன் மச்சானைக் கூட்டிவருவார், மச்சான் தம்பியைக் கூட்டிவருவார். கடைசியில் சைட் முழுக்க ஒரே ஊராகிவிடும். தீபாவளி, பொங்கல் என்றால் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்விடுவார்கள். ஒருவருடைய வேலையைக் குறை சொன்னால் நாலு பேருக்கு முகம் சுருங்கும். அதைவிட எனக்குக் கவலை, கொழும்பில் யாரையும் தெரியாமல் வந்து இறங்குகிற கெட்டிக்காரப் பொடியன் இந்த வட்டத்துக்குள் நுழையவே முடியாது என்பது.

அவனைப் பிடிக்க விளம்பரம்தான் வழி. இக்மன் விளம்பரத் தளத்திலோ முகநூல் குழுவிலோ போட்டால் அன்றைக்கே போன் வரும். தமிழில் மட்டும் போடாதீர்கள், கொழும்பில் நிறையப் பாஸ்மார் சிங்களத்தில்தான் பார்ப்பார்கள். வட்ஸ்அப்பில் வருகிற வேலைப் படங்களை அப்படியே நம்பவும் வேண்டாம். "இது எந்த இடம், போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டால் உண்மையாகச் செய்தவர் சந்தோஷமாக இடம் சொல்வார்.

பழைய சோனகர் தெரு ஹாட்வெயார் கடைகளிலும் ஆள் சொல்வார்கள். யார் ஒழுங்காகக் கணக்குத் தீர்க்கிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியும், ஆனால் கட்டி முடித்த சுவரை அவர் பார்த்ததில்லை. ஆள் அனுப்பும் கொம்பனிகள் கொங்கிறீட் போடும் நாளில் பத்துக் கையாட்கள் தேவை என்றால் உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வயரிங் வேலை மட்டும் வேறு கணக்கு. பிழை சுவருக்குள் மறைந்துவிடும் என்பதால், இங்கே சான்றிதழுக்கு முதலிடம் கொடுப்பேன். என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் 7 மட்டம் கொண்டது. கைத்தொழிலில் 4ஆம் மட்டம் எடுத்தவர் தனியாக நின்று செய்யக்கூடியவர். வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களும் தங்கள் அனுபவத்தை மதிப்பீட்டாளர் முன் காட்டி இதை எடுக்கலாம். ஆகவே வயதான பாஸிடமும் தயங்காமல் கேளுங்கள். அப்புறம், மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்துகிற ட்ரிப் ஸ்விட்சைப் பற்றி ஒரு கேள்வி: "ட்ரிப் ஸ்விட்ச் அடிக்கடி விழுகிறது அண்ணா, என்ன செய்வீர்கள்?" ஒவ்வொரு சர்க்கிட்டாகக் கழற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பேன் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்விட்சையே கழற்றிவிட்டு நேரே கரண்ட் கொடுக்கலாம் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், உயிர் போகிற விஷயம்.

எந்த வழியில் வந்தாலும் ஒரு நாள் சம்பளத்துக்கு வைத்துப் பாருங்கள். ஒரு சின்னச் சுவர் பூசக் கொடுத்தால் போதும். தூக்குக்குண்டை அவராகவே எடுக்கிறாரா, கலவையை அளந்து போடுகிறாரா என்று கவனியுங்கள். ஆள் சரிவராவிட்டாலும் பின்னேரமே அந்த நாள் சம்பளத்தை முழுசாகக் கையில் கொடுங்கள். பாஸ்மாரும் தங்களுக்குள் நம்மைப் பற்றி விசாரிக்கிறார்கள். கூலியை இழுத்தடிக்கிற இடத்துக்கு யாரும் தன் தம்பியைக் கூட்டிவரமாட்டார்.