நம்ம தாலுகா ஜி.எச்.: முப்பது வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

காய்ச்சல், இருமலுக்கு மேல் தாலுகா அரசு மருத்துவமனையில் ஒன்றும் நடக்காது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாலு மாடிப் புதுக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு இனி எல்லாமே இங்கே முடிந்துவிடும் என்று நம்புபவர்களும் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு கணக்கும் தப்பு. கட்டடமும் கருவியும் வளர்ந்த வேகத்தில் அவற்றை இயக்கும் ஆட்கள் வளரவில்லை. அதனால் தமிழ்நாட்டில் ஒரு ஜி.எச்.சை எடைபோட, என்ன இருக்கிறது என்பதோடு எந்த நேரத்தில் யார் இருக்கிறார் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

உண்மையான வளர்ச்சி தொடங்கியது மருந்து ஜன்னலில். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்து, அடுத்த ஆண்டு மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்க ஆரம்பித்தது. மாவட்டக் கிடங்கில் இருப்பு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் புத்தகம் போல ஒரு பாஸ்புக், அதில் அந்த ஆண்டுக்கான தொகை. எடுக்க எடுக்கக் கழியும். காகிதத்தில் மடித்துக் கொடுத்த உதிரி மாத்திரைகள் போய், 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அட்டைகள் வந்தன. ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் தேறிய பிறகே வெளியே விடுகிறார்கள். "கிடங்கில் இருக்கு, இன்னும் வரல" என்று ஜன்னலில் சொன்னால் பல நேரம் காரணம் இதுதான்.

இதில் பயனாளிக்கு வரும் சிக்கல் வேறு. டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், அத்தோடு மாத்திரையின் நிறமும் அளவும் மாறும். வெள்ளை வட்ட மாத்திரை பிரஷருக்கு, நீள மாத்திரை சுகருக்கு என்று அடையாளம் வைத்திருக்கும் பெரியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையையும் புது அட்டையையும் சேர்த்துப் போட்டு ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கிவிடுவார்கள். மாதம் ஒருமுறை போகும்போது காலி அட்டையைக் கையோடு கொண்டுபோய் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் 1000 ஆக மாறியிருந்தால் எண்ணிக்கையும் மாறியிருக்க வேண்டும்.

சுகர் பரிசோதனைக்கு நேரக்கணக்கு முக்கியம். ஓ.பி. காலை ஏழரைக்குத் தொடங்கும். வெறும் வயிற்றில் போய்ச் சீட்டுப் போட்டு முதல் ரத்தம் கொடுத்துவிட்டு, வழக்கமான மாத்திரையோடு சாப்பிட வேண்டும். முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த ரத்தம். பத்து மணிக்கு மேல் முதல் ரத்தம் கொடுப்பவருக்கு ரிசல்ட் வருவதற்குள் டாக்டர் வார்டு ரவுண்ட்ஸ் போயிருப்பார், அன்றைய நாள் வீண். திங்கட்கிழமை கூட்டம் நெரியும், புதன் தடுப்பூசி நாள். கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவத்தில் ஜி.எச். அடைந்த வளர்ச்சியை எந்தத் தனியார் விளம்பரத்தோடும் ஒப்பிடலாம். 2004-க்குப் பிறகு வந்த சீமாங் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை) மையங்கள் 24 மணி நேரமும் சிசேரியன் செய்யும் நோக்கத்தில் உருவானவை. அதற்கு நான்கும் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டும்: மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், ஃப்ரிட்ஜில் ரத்தம். ஒன்று குறைந்தாலும் "மேல எழுதிட்டோம்", அதாவது பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம், என்ற வார்த்தைதான் வரும். பெரும்பாலும் குறைவது மயக்க மருந்து டாக்டர். ஏழாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே பிரசவ வார்டு நர்ஸிடம், "ராத்திரியில் ஆபரேஷன் தேவைப்பட்டால் இங்கேயே நடக்குமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அவர்களுக்குத் தெரியும், சொல்லவும் செய்வார்கள். ரத்த வங்கிக்கும் ரத்தச் சேமிப்பு நிலையத்துக்கும் வித்தியாசம் உண்டு. பல தாலுகாக்களில் இருப்பது சேமிப்பு நிலையம் மட்டும், தாய் வங்கியிலிருந்து வரும் சில பைகள்தான் இருப்பு. நெகட்டிவ் வகை என்றால் பிரசவ தேதிக்கு முன்பே பேசி வைப்பது நல்லது. அதேபோல் 1.8 கிலோவுக்குக் குறைந்த எடையில் குழந்தை பிறந்தால் சிறப்புப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றுவார்கள். தாலுகாவில் பெரும்பாலும் நிலைப்படுத்தும் அறையோடு சரி.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கியது. 2018-இல் 18,000 ஆனது: 14,000 பணம், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் நிற்பதற்கு வழக்கமான காரணம் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர், வங்கியில் கணவர் பெயர், கர்ப்பிணிகளைப் பதியும் அரசின் பிக்மி கணக்கில் இன்னொன்று. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யும்போதே மூன்றையும் ஒன்றாக்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்தப் பிக்மி எண் வேண்டும்.

பாம்புக்கடிக்குத் தாலுகா ஜி.எச்.தான் முதல் இடம், இதில் சந்தேகமே வேண்டாம். பரிசோதனை எளிது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைக்க வேண்டும். சாய்க்கும்போது ரத்தம் உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் வகை விஷம் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ எடுத்தால் நல்ல ரத்தமே உறையாது, முடிவு பிழையாகும். விஷமுறிவு மருந்து பொதுவாகப் பத்துக் குப்பியில் தொடங்கும். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. நாகமோ கட்டுவிரியனோ கடித்தால் மூச்சு நிற்கலாம், வென்டிலேட்டர் வேண்டும். கண்ணாடி விரியன் கிட்னியைக் கெடுக்கும், டயாலிசிஸ் வேண்டும். இவை இரண்டும் தாலுகாவில் இல்லாவிட்டாலும் முதல் டோஸ் ஏறாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். (மருந்து தயாரிக்க விஷம் எடுத்துத் தருவது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் அமைந்த சங்கம் அது.) கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது. தரையில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலி, இமை சொருகல் என்று வந்தால் டாக்டரிடம் தரையில் படுத்ததைச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி உயிர் காக்கும்.

நாய்க்கடிக்கு முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். ஊசி 0, 3, 7, 28-ஆம் நாள். இரண்டு கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி. போட்ட இடத்தில் சின்னக் கொப்புளம் எழ வேண்டும். எழாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது, அங்கேயே சொல்லுங்கள். கடி தோலைத் துளைத்திருந்தால் காயத்துக்குள் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவை. ஜி.எச்.சில் இருப்பு இல்லையென்றால், முதல் ஊசி போட்ட ஏழு நாளுக்குள் வேறு மருத்துவமனையிலாவது போட்டாக வேண்டும். அட்டையைக் காட்டினால் மீதி ஊசிகளை ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம்.

டயாலிசிஸ் பிரிவு வந்தது பெரிய விஷயம், ஆனால் அது தண்ணீரில் ஓடும் பிரிவு. நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் ஓடும். ஆர்.ஓ. கழிக்கும் நீரையும் சேர்த்தால் ஒரு ஆளுக்கு ஒருமுறைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு தேவைப்படலாம். போர் தண்ணீர் உப்பாகிவிட்டால் ஆர்.ஓ. மெம்பிரேன் அடைக்கும், மெஷின் நன்றாக இருந்தும் பிரிவு மூடிக்கிடக்கும். மஞ்சள் காமாலை பி கிருமி உள்ளவருக்குத் தனி மெஷின் வேண்டும், தாலுகாவில் அது கிடைப்பது அரிது. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டால், அது பயன்பாட்டுக்குத் தயாராகக் குறைந்தது ஆறு வாரம் ஆகும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீர்கள்.

2021-க்குப் பிறகு பல ஜி.எச்.களில் ஆக்சிஜன் பிளான்ட் நிற்கிறது. அதற்கு முன் கணக்கு சிலிண்டரில்தான்: 7 கன மீட்டர் பெரிய சிலிண்டர், நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் போனால் பன்னிரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. பிளான்ட் காற்றிலிருந்து சுமார் 93 சதவீத ஆக்சிஜனைப் பிரித்துத் தரும். ஓட்டாமல் வைத்தால் ஈரம் ஏறி உள்ளே காற்றைப் பிரிக்கும் ஜியோலைட் துகள்கள் கெட்டுவிடும். திறப்பு விழாப் பலகை பளபளக்க, கம்ப்ரஸர் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து கிடப்பது நம் ஆட்கள் செய்யும் பழைய தப்பு.

விபத்துக்கு 108 (2008-இலிருந்து). ஆம்புலன்ஸ் ஆட்கள் எங்கே கொண்டுபோகலாம் என்று சொன்னால் கேளுங்கள். தலைக்காயம் என்றால் சி.டி. ஸ்கேனும் இரவில் அதைப் பார்க்க ஆளும் உள்ள இடமாக இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள தனியாரிலும் இலவசம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. ஜி.எச்.சிலிருந்து ரெஃபர் செய்தால் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: கொடுத்த மருந்தும் நேரமும் எழுதிய சீட்டு, எடுத்த எக்ஸ்ரே, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எண். இன்சூரன்ஸ் வழக்கு எல்லாம் அந்த ஏ.ஆர். பதிவில்தான் நிற்கும். "பைக்கில் இருந்து விழுந்தேன்" என்று அவசரத்தில் சொன்னது பிறகு "லாரி இடித்தது" என்று மாறாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தனியாருக்குத்தான் என்று நினைத்து ஜி.எச்.சில் காட்டாதவர்கள் நிறைய. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் அட்டை கிடைக்கும், சிகிச்சைத் தொகையின் வரம்பு 5 லட்சம். அரசு மருத்துவமனையில் அட்டையின் பேரில் சிகிச்சை நடந்தால் அந்தத் தொகை மருத்துவமனைக் கணக்குக்கே வரும். கருவி வாங்கவும் ஊழியர் ஊக்கத்தொகைக்கும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். மேஜையில் கேட்பதற்குள் நீங்களே நீட்டுங்கள்.

ஆட்கள் விஷயம் இன்னும் தீரவில்லை. அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் உள்ஒதுக்கீடு இருப்பதால் கிராமப்புறத்துக்கு வருகிறார்கள், அதே காரணத்தால் மூன்று வருஷம் படிக்கவும் போகிறார்கள். அந்த இடைவெளியில் அந்தப் பிரிவின் பலகை மட்டும் இருக்கும். மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டால் சிறப்பு டாக்டர்கள் அங்கே இழுபடுவதும் உண்டு. ரெண்டாம் மாடி வார்டில் சேர்க்கும்போது ராத்திரி லிஃப்ட் ஓடுமா, ஜெனரேட்டர் எந்தெந்த அறைக்கு என்று வார்டு ஆயாவிடம் கேளுங்கள். ஓடாது என்றால் நடக்க முடியாதவருக்குக் கீழ்த்தளத்தில் கட்டில் கேட்கலாம், காலியிருந்தால் கொடுப்பார்கள்.